ஸ்பிட்ஃபயர் பானட்டுக்குள் காற்று போகும் வழி

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் யாரிடமாவது "வண்டி சூடேறுது" என்று சொல்லிப் பாருங்கள். பெரிய அலுமினிய ரேடியேட்டர் போடு, எலக்ட்ரிக் ஃபேன் போடு, ஆயில் கூலர் போடு என்று மூச்சுவிடாமல் யோசனைகள் வரும். மூன்றுமே காசு பிடிக்கிற வேலை. மூன்றையும் மாட்டிய பிறகும் கோடைக்கால நெரிசலில் வெப்பமானியின் அதே முள் அதே சிவப்புப் பக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எனக்குத் தெரியும். ரேடியேட்டருக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதன் ஊடாகக் காற்று போகிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

என்னிடம் இருப்பது 1978-ஆம் வருடத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. நான் வசிப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில். இந்தக் காரைச் செய்த காவன்ட்ரி நகரத்துக் கான்லி தொழிற்சாலை இருந்த இடம் பக்கம்தான். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் ஷோவில் அறிமுகமாகி 1980 ஆகஸ்ட் வரை இந்த வரிசை உற்பத்தியில் இருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கேலோட்டி. அந்த அழகான உடம்புக்கு அடியில் இருப்பது டிரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் நீளம் குறைத்த சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்.

ஹெரால்டு என்றதும் சென்னைக்காரர்களுக்கு வண்டலூர்ப் பக்கம் ஞாபகம் வரும். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அப்பா பர்லியாரில் கட்டாயம் நிறுத்துவார். முன்பக்கம் முழுவதையும் பானட்டாகத் தூக்கி வைத்துவிட்டு, இன்ஜின் ஆறும்வரை டீ குடித்துக்கொண்டிருப்போம். அப்படி ஆறப்போடுவதும் பயணத்தில் ஒரு பகுதி என்றே எனக்கு அப்போது தோன்றும்.

என் ஸ்பிட்ஃபயரில் இருப்பதும் அதே இன்ஜின் குடும்பம்தான். 1953-இல் ஸ்டாண்டர்டு எயிட் காருக்காக 803 சிசியில் தொடங்கியது. 948 ஆனது, 1147 ஆனது, 1296 ஆனது, கடைசியில் 1493-இல் வந்து நின்றது. கடைசி இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 73.7 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, 76-லிருந்து 87.5-க்கு நீட்டி அந்தக் கூடுதல் கொள்ளளவை எடுத்தார்கள். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்குவது இன்னமும் மூன்றே மெயின் பேரிங். இந்த இன்ஜினை வெப்பத்தில் வாட்டக் கூடாது. ஆயில் சூடாகி நீர்த்துப்போனால் முதலில் அடிவாங்குவது பேரிங்தான்.

இதன் முழு சக்தி 71 குதிரைத்திறன், அதாவது 53 கிலோவாட் அளவு. அந்தக்கால பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு சக்கரத்துக்குப் போகும். அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வழியாகவும், இன்னொரு பெரும்பங்கு சைலன்சர் வழியாகவும் வெளியேறும். ஆக, இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். முகப்பில் இருக்கும் திறப்போ சின்னது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் வெப்பமானியும் பெட்ரோல் மீட்டரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற ஒரு சின்ன டப்பாவிலிருந்து 10 வோல்ட் வாங்கி ஓடுகின்றன. அந்த டப்பா பழுதாகி 12, 13 வோல்ட்டை அப்படியே விட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறிக் காட்டும். பெட்ரோல் போடாமலே டாங்க் நிறைந்த மாதிரி காட்டினால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானியை வாங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தின் மேல் காட்டி எடுத்த எண்ணைத்தான் நான் நம்புகிறேன். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்ட இன்ஜின் 85, 90-இல் ஓடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடி அதைச் சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி அளவில்தான் கொதிக்கும்.

தண்ணீர்ப் பக்கத்து வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பிளாக்கின் பின்பக்கம் சேறு மாதிரி துரு தங்கும். வடிகால் திருகைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திவிட்டுக் கழுவ வேண்டும். பழைய ஓஸ்களை மாற்ற வேண்டும். இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்திருந்தாலும் இன்ஜின் தேவையில்லாமல் சூடாகும், அதையும் சரிபார்க்க வேண்டும். ஆன்டிஃப்ரீஸை அளவுக்கு மேல் கலப்பவர்களுக்கு ஒன்று: அதில் இருக்கும் கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் வெப்பத்தைச் சுமக்கும். இந்த ஊர்க் குளிருக்கும் துருவுக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் என் வண்டி நெரிசலில் மட்டுமல்ல, நெடுஞ்சாலையிலும் சூடேறியது. அதுதான் துப்பு. நெரிசலில் மட்டும் சூடேறினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். நல்ல வேகத்தில் போகும்போது சூடேறுகிறது என்றால், எதிர்க்காற்று இருந்தும் அது ரேடியேட்டர் வழியாகப் போகவில்லை என்று பொருள். பானட்டைத் தூக்கி முன்னால் நின்று பார்த்ததும் விஷயம் தெரிந்தது. ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த இடத்தில் அட்டை இருக்கும். ஆமாம், வெறும் அட்டைதான். கிரில் வழியாக நுழையும் காற்று பக்கவாட்டில் நழுவிவிடாமல் ரேடியேட்டர் முகத்துக்கே திருப்பிவிடுவது அதன் வேலை. நாற்பது வருடத்து மழையில் நனைந்து பிய்ந்த அட்டையை யாரோ ஒருவர் எடுத்துப் போட்டிருப்பார். திரும்ப வைக்கவில்லை. நான் பார்த்த பழைய டிரையம்ஃப்களில் பாதிக்கு மேல் இந்த அட்டை இல்லாமல்தான் ஓடுகின்றன.

ஓர் அட்டைக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் புரியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் காரின் மூக்கில் மோதும் காற்று தரும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். தண்ணீர் மட்டமாகச் சொன்னால் 47 மில்லிமீட்டர் உயரம். 50 கி.மீ. வேகத்தில் அதில் கால் பங்கு, வெறும் 12 மில்லிமீட்டர். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ள நம்மிடம் இருக்கும் மொத்த முதலீடு இவ்வளவுதான். பக்கத்தில் தடையே இல்லாத சந்து ஒன்று திறந்திருந்தால் காற்று எதற்காகத் தகடுகளுக்குள் நெருக்கிக்கொண்டு போக வேண்டும்? சந்து வழியாக ஓடிவிடும். நீங்கள் இரண்டு மடங்கு தடிமனான ரேடியேட்டர் போட்டால் தடை இன்னும் கூடும், சந்து வழியாக ஓடும் காற்றும் இன்னும் கூடும். பெரிய ரேடியேட்டர் வாங்கியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான்.

இந்த விஷயத்தை ஆழமாக யோசித்தவர்கள் விமானக்காரர்கள். ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்டில் வேலை பார்த்த எஃப். டபிள்யூ. மெரடித் 1935-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சின்ன வாய் வழியாகக் காற்றை உள்ளே எடு. படிப்படியாக அகலும் குழாயில் அதன் வேகத்தைக் குறை. வேகம் குறையக் குறைய அழுத்தம் கூடும். மெதுவான, அழுத்தம் கூடிய அந்தக் காற்றை ரேடியேட்டர் வழியாகச் செலுத்து. பிறகு குறுகிக்கொண்டே போகும் வழியில் பின்னால் வெளியேற்று. ரேடியேட்டரின் வெப்பம் காற்றை விரிக்கிறது, அது வெளியேறும்போது கொஞ்சம் உந்துவிசைகூடத் திரும்பக் கிடைக்கும் என்று காட்டினார். என் காரின் பெயரையே கொண்ட போர் விமானமான சூப்பர்மரீன் ஸ்பிட்ஃபயரின் இறக்கைக்கு அடியில் இருக்கும் ரேடியேட்டர் பெட்டி இந்த யோசனையில் செய்ததுதான். வானத்தில் அது அருமையாக வேலை செய்தது. தரையில் ஊர்ந்து போகும்போது மட்டும் காற்று போதாமல் இன்ஜின் சீக்கிரம் சூடேறிவிடும்; விமானிகள் அவசரமாக ஓடுபாதைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

காரில் அந்த உந்துவிசையை எதிர்பார்க்க முடியாது, நம் வேகத்துக்கு அது கிடைக்காது. ஆனால் முதல் பாதி நமக்கு அப்படியே பொருந்தும். வாய் சின்னதாக இருப்பது குற்றமில்லை. வாயிலிருந்து ரேடியேட்டர் முகம் வரை சந்து இல்லாமல் மூடிய வழி இருக்க வேண்டும். அதனால் முகப்பை அறுத்துப் பெரிதாக்க நினைப்பவர்கள் முதலில் அட்டையை வெட்டட்டும்.

நான் மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டினேன். முதலில் தானியப் பெட்டி அட்டையில் அளவு எடுத்து, பொருத்திப் பார்த்து, பிறகு தகடு. ஸ்பிட்ஃபயரில் ஒரு சிக்கல் உண்டு: பானட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். தகட்டை ரேடியேட்டர் பக்கம் திருகினால் பானட் மூடும்போது இடிக்கக் கூடாது. இடிக்காமல் இடைவெளி விட்டுக் கட்டினால் சந்து வரும். தகட்டின் ஓரத்தில் மென்மையான ரப்பர் பட்டையை ஒட்டி, பானட் மூடும்போது அது நசுங்கி அடைத்துக்கொள்ளும்படி செய்தேன். ரேடியேட்டருக்கு மேலே ஓர் இடைவெளி, கீழே வேலன்ஸ் எனப்படும் முன் அடித்தகட்டுப் பக்கம் ஓர் இடைவெளி. அவற்றையும் அடைத்தேன். கீழ் இடைவெளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று அதன் வழியாகவே முன்னால் சுற்றி வந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள் போகும்.

செய்ததை அளந்து பார்க்கும் ஆசை எனக்கு அதிகம். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதை வளைத்து யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும் மறு முனையை அதன் பின்னாலும் வைத்து, பக்கத்து இருக்கையில் என் தம்பி பலகையைப் பிடித்துக்கொண்டு மட்ட வித்தியாசத்தைப் படித்தான். தகடு இல்லாதபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் சொல்லும்படியாக இல்லை. தகடு போட்ட பிறகு அதே சாலையில், அதே வேகத்தில், பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு விலகி நின்றது. முள்ளும் இறங்கியது. ரேடியேட்டர் பழையதுதான்.

அப்புறம் வெளியேறும் வழி. முன் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைச் சாத்தி வைத்த வீட்டில் காற்று எப்படி ஓடும்? பானட்டுக்குள் வந்த காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, முன்னாலிருந்து வரும் காற்றைத் தடுக்கும். இதற்குப் பலர் செய்வது, பானட்டின் பின் ஓரத்தை வாஷர் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிடுவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் இடம் ஓடும் காரில் அழுத்தம் கூடிய இடம். அதனால்தான் எத்தனையோ கார்களில் உள்ளறைக்குக் காற்று எடுக்கும் திறப்பை அங்கே வைக்கிறார்கள். நிற்கும்போது அந்த இடுக்கு வழியாகச் சூடு மேலே போகும், உண்மைதான். வேகம் எடுத்ததும் காற்று அதன் வழியாக உள்ளே வரப் பார்க்கும். சந்தேகம் இருந்தால் கம்பளி நூல் துண்டுகளைப் பானட் மேல் டேப் வைத்து ஒட்டி, இன்னொரு காரிலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எல்லா வாக்குவாதத்தையும் முடித்துவைக்கும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் இடம் பானட்டின் முன்பாதியில், மூக்கு வளைந்து மேலே திரும்பியதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டர் இன்ஜினை இதே உடம்புக்குள் திணித்த ஜிடி6 காரில் பானட்டில் வெட்டுத் துளைகள் வைத்தது அழகுக்காக அல்ல. என் வண்டியின் பானட்டில் நான் துளை போடவில்லை, போடப்போவதும் இல்லை. மிக்கேலோட்டி வரைந்த அந்த வளைவில் ரம்பம் வைக்க எனக்கு மனம் வராது. நாலு சிலிண்டருக்குக் கீழ்ப்பக்கம் கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும் வழியே போதும். அங்கே ஒயர், குழாய் எல்லாம் தொங்கிக் காற்றை மறிக்காமல் ஒதுக்கிக் கட்டினால் சரி.

இனி இன்ஜின் மூச்சு வாங்கும் காற்று. இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் இன்லெட்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் இரண்டு கார்புரேட்டர்களும் (எஸ்யு தயாரிப்பு, எச்எஸ்4 வகை) கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது புகைக்குழாய்த் தொகுதிக்கு, மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஃபில்டர் டப்பா எடுத்துக்கொள்வது ரேடியேட்டரைக் கடந்து வந்த, ஏற்கெனவே சூடேறிய காற்று. வெளியே 25 டிகிரி இருந்த ஒரு நாளில் கார்புரேட்டர் வாயில் வெப்பமானி 50-ஐத் தாண்டிக் காட்டியது. சிக்னலில் நின்றால் இன்னும் ஏறும்.

இங்கே ஒரு பெரிய மயக்கம் உலவுகிறது. முன்னால் ஒரு புனல் வைத்து எதிர்க்காற்றை இன்ஜினுக்குள் அடித்துத் தள்ளினால் சக்தி கூடும் என்று நம்புகிறார்கள். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் கிடைப்பது 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். லாபம் நூற்றுக்கு அரைகூட இல்லை. ஆனால் காற்று 60 டிகிரியில் வருவதற்குப் பதில் 30 டிகிரியில் வந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது. அத்தனை ஆக்சிஜனும் சிலிண்டருக்குள் போகும். வேகக் காற்று வேண்டாம், குளிர்ந்த காற்று போதும்.

அதனால் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டர் தகட்டுக்கு வெளிப்பக்கமாக ஓரத்திலிருந்து ஓர் அகலமான வளையும் குழாயைக் கொண்டுவந்து, கார்புரேட்டர்களுக்கு முன் ஒரு மூடிய டப்பாவில் சேர்த்தேன். கார்புரேட்டர்களுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தடுப்பு. மேனிஃபோல்டில் துணிப்பட்டை சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே இரும்பை அரிக்கும்.

எஸ்யு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் பொருந்தும் முகத்தில் சின்னத் துளைகள் இருக்கும். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போகும் வழி அது. கேஸ்கெட்டைத் தலைகீழாக மாட்டினால் அந்தத் துளை அடைபடும், பிஸ்டன் சரியாக எழும்பாது, வண்டி மேலே இழுக்காது. இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. இரண்டாவது, பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையின் காற்றுத் துளை. கார்புரேட்டர் வாயில் இருக்கும் அழுத்தத்துக்கும் ஃப்ளோட் அறையில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பெட்ரோல் மேலே எழுகிறது. மூடிய டப்பா போட்டுவிட்டு ஃப்ளோட் அறையைத் திறந்த பானட்டுக்குள் விட்டால், வேகத்துக்குத் தக்கபடி கலவை மாறும். டப்பாவிலிருந்து ஒரு சின்னக் குழாயை அந்தத் துளைக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். குளிர்ந்த காற்று வந்த பிறகு கலவை சற்று மெலிந்து தெரியும். ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்து பெட்ரோல் வரும் ஜெட்டை ஒருமுறை சரிசெய்ய வேண்டும்.

சூடான இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வரும் திணறல் பழைய வண்டிகளில் இப்போது முன்பைவிட அதிகம். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் பத்து சதவீத எத்தனால் கலந்ததாக மாறியது. பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். நான் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டேன். என் வண்டியில் அந்த அலுமினியத் தடுப்பு வந்த பிறகு இந்தத் திணறல் பெரும்பாலும் போய்விட்டது.

எலக்ட்ரிக் ஃபேனைக் கடைசியாகத்தான் போட்டேன். மணிக்கு ஐம்பது, அறுபது கி.மீ. தாண்டிவிட்டால் எந்த ஃபேனும் எதிர்க்காற்றோடு போட்டி போட முடியாது. அது நிற்கும்போதும் ஊரும்போதும் மட்டும் தேவைப்படுவது. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேன், சுற்றிலும் காற்று கசியாத கூடு, வெப்பத்தால் தானாக ஓடும் சுவிட்ச். அந்தக்கால லூகாஸ் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே 34, 36 ஆம்பியர்தான். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் இடம் போதாது. தனி ரிலேயும் தனி ஃபியூஸும் இல்லாமல் மாட்டாதீர்கள்.

2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அதுவரை பதிவாகாத வெப்பம். பழைய ஸ்பிட்ஃபயர் விமானங்களை இன்னமும் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் விமானப்படைப் பிரிவு இருப்பதும் அதே கானிங்ஸ்பியில்தான். எங்கள் பக்கமும் அந்த வெப்பத்துக்கு வெகுதூரத்தில் இல்லை. அன்று சாயங்காலம் வண்டியை எடுத்து, வேண்டுமென்றே ரிங்ரோடு நெரிசலில் போய் நின்றேன். ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அன்று வீடு வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து முழுக் கதையையும் சொன்னேன். "அட்டை நம்ம ஹெரால்டுலயும் இருந்துச்சுடா, நான்தான் ஊறிப்போச்சுன்னு கழட்டிப் போட்டேன்" என்றார்.

குளிர்காலத்துக்கு மட்டும் ஒன்று. இந்த ஊர் நவம்பரில் ஐந்து டிகிரியும் ஈரமும் சேர்ந்தால் கார்புரேட்டருக்குள் பனி உறையும். ஐடிலிங் நிற்காது, வண்டி இருமும். அப்போது நான் முன்குழாயைக் கழற்றிவிட்டு டப்பா பானட்டுக்குள் இருக்கும் காற்றையே எடுக்கும்படி விட்டுவிடுவேன். ஒரே ஒரு கிளிப்தான். ஏப்ரலில் திரும்ப மாட்டிவிடலாம்.